சாயத்தைச் சிதைக்கும் ஒளிவினையூக்கி: ஆய்வகத்தில் செய்வதும் நேர்மையாகச் சோதிப்பதும்

ஆண்டுதோறும் ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்கினால், முதுகலை வேதியியல் மாணவர் யாராவது நிறமற்ற நீர் நிரம்பிய பீக்கரோடு என் மேசைக்கு வந்து நிற்பார். "ஐயா, நீலம் முழுக்கப் போய்விட்டது. 20 நிமிடம்தான் ஆனது." நான் கேட்பது ஒரே கேள்வி: எங்கே போனது? ஒரு முறை அதற்கான விடை குப்பைக்கூடையில் கிடந்தது. வினையூக்கித் தூளைப் பிரிப்பதற்காக அவர் கரைசலை வடிதாளில் ஊற்றியிருந்தார். நீலம் முழுவதையும் தாளே குடித்துவிட்டிருந்தது. ஒளி எதையும் செய்திருக்கவில்லை.

ஒளிவினையூக்கி, அதாவது ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் தூள், செய்வது கடினமான காரியம் அல்ல. உலையும் காந்தக் கலக்கியும் இருக்கும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இரண்டு நாளில் நல்ல துத்தநாக ஆக்சைடைத் தயாரித்துவிடலாம். அது உண்மையிலேயே சாயத்தைச் சிதைத்தது என்று நிறுவுவதில்தான் வேலை இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் தயாரிப்புக்குப் பாதி இடம், சோதனைக்கு மீதிப் பாதி.

எதற்காக இந்த வேலை

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்கள்தான், அதாவது நூலோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் சாயங்கள். சாயத்தொட்டியில் போடும் சாயம் முழுவதும் நூலில் பிடிப்பதில்லை. ஒரு பகுதி நீரோடு வினைபுரிந்து வீணாகிக் கழிவில் போகிறது. சாயம் நூலில் ஏறுவதற்காகக் கொட்டும் உப்பும் அதன் கூடவே போகிறது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியதும், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் ஊரறிந்த கதை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளிவினையூக்கி உப்பை நீக்காது. கரைந்த திண்மங்களின் அளவு அப்படியேதான் இருக்கும். அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் தேவை. ஒளிவினையூக்கியின் வேலை, நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாத சாய மூலக்கூறுகளை உடைப்பது மட்டுமே. "இந்தத் தூளால் நொய்யலைச் சுத்தப்படுத்தலாம்" என்று ஆய்வேட்டின் முன்னுரையில் எழுதாதீர்கள். தேர்வாளர் முதலில் அங்கேதான் பிடிப்பார்.

ஒளி விழுந்தால் என்ன நடக்கிறது

துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு போன்றவை குறைகடத்திகள். அவற்றில் எலக்ட்ரான்கள் நிரம்பிய கீழ் ஆற்றல் நிலை இணைதிறன் பட்டை, காலியான மேல்நிலை கடத்தும் பட்டை, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆற்றல் வேறுபாடு பட்டை இடைவெளி. அந்த இடைவெளிக்கு நிகரான அல்லது அதற்கு மேலான ஆற்றலுள்ள ஒளி பட்டால், இணைதிறன் பட்டையிலிருந்து ஓர் எலக்ட்ரான் கடத்தும் பட்டைக்கு ஏறுகிறது. அது விட்டுவந்த இடத்தில் ஒரு துளை உண்டாகிறது. துளை, பரப்பில் இருக்கும் நீரையோ ஹைட்ராக்சைடு அயனியையோ ஆக்சிஜனேற்றி, எதனோடும் உடனே வினைபுரியும் ஹைட்ராக்சில் தனி உறுப்பைத் தருகிறது. எலக்ட்ரான், கரைந்துள்ள ஆக்சிஜனைப் பிடித்துச் சூப்பர் ஆக்சைடாக்குகிறது. சாயத்தை உடைப்பவை இவைதான். எலக்ட்ரானும் துளையும் மீண்டும் ஒன்றுசேர்ந்துவிட்டால் உள்ளே வந்த ஒளி வெறும் வெப்பமாகிப் போகும். பெரும்பாலும் நடப்பதும் அதுதான். இத்துறையில் வரும் ஆய்வுகளில் பாதி அந்தச் சேர்க்கையைத் தள்ளிப்போடும் முயற்சிகள்.

எந்த ஒளி வேலை செய்யும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 1240ஐ எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்ன பட்டை இடைவெளியால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். டைட்டானியம் டைஆக்சைடின் அனட்டேஸ் வடிவத்துக்கு இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட், ஆக 387 நானோமீட்டர். துத்தநாக ஆக்சைடும் ஏறத்தாழ அதே இடம்தான். இரண்டுக்கும் புற ஊதா ஒளி வேண்டும். தரைக்கு வரும் சூரிய ஒளியின் ஆற்றலில் புற ஊதாவின் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடுதான். கிராஃபைட் வடிவக் கார்பன் நைட்ரைடின் இடைவெளி 2.7, அது 460 நானோமீட்டர் வரை, அதாவது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி வரைக்கும் ஏற்கும். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமும் அதுவே.

முதல் பொருள்: துத்தநாக ஆக்சைடு

டைட்டானியத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதன் ஐசோபுரப்பாக்சைடு விலை கூடியது. காற்றின் ஈரம் பட்டாலே வெள்ளையாகத் திரிந்துவிடும். மழைக்காலத்தில் அதோடு போராடி ஒரு மாதத்தை இழந்தவர்கள் உண்டு. துத்தநாகம் அத்தனை கோபக்காரன் அல்ல.

துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட் 4.39 கிராம், அதாவது 0.02 மோல் எடுத்து, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். இன்னொரு பீக்கரில் 1.8 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 50 மில்லி நீரில் கரைத்து ஆறவிடுங்கள். சமன்பாட்டின்படி 1.6 கிராம் போதும். காஸ்டிக் சோடா வில்லைகள் நிறுக்கும்போதே ஈரம் குடிக்கும் என்பதால்தான் கூடுதல். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். கண்ணில் பட்டால் அமிலத்தைவிடக் காஸ்டிக் மோசம்.

அசிட்டேட் கரைசலை 60 முதல் 70 டிகிரியில் வைத்துக் கலக்கிக்கொண்டே காஸ்டிக்கைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். 50 மில்லிக்கு அரை மணி நேரம் ஆகலாம். இந்த இடத்தில் பொறுமை இழந்து மொத்தமாகக் கொட்டினால் துகள்கள் பெருத்துக் கட்டியாகிவிடும். பால்போல் வெண்மை திரண்டு, பி.எச். தாளில் 9க்கும் 10க்கும் இடையில் காட்டியதும் நிறுத்துங்கள். காஸ்டிக் மிச்சமிருந்தால் இருக்கட்டும். துத்தநாகம் ஈரியல்புடையது, அமிலத்திலும் காரத்திலும் கரையும். காரம் மிகுந்து போனால், திரண்டு வந்த வீழ்படிவு சிங்கேட்டாகி மீண்டும் கரையத் தொடங்கும்.

சூட்டைக் குறைக்காமல் இன்னும் 2 மணி நேரம் கலக்குங்கள். ஆறியதும் மையவிலக்கியில் பிரித்து, மேல்நீரின் பி.எச். 7க்கு வரும்வரை கழுவுங்கள். வழக்கமாக 5, 6 முறை ஆகும். கடைசி இரண்டு கழுவலை எத்தனாலில் செய்தால் உலரும்போது துகள்கள் ஒட்டிக்கொள்வது குறையும். மையவிலக்கி இல்லாதவர்கள் இரவெல்லாம் படியவிட்டு மேல்நீரை இறுத்துக்கொள்ளலாம்; ஒரு வாரம் ஆகும், ஆனாலும் பழுதில்லை. கழுவலில் கஞ்சத்தனம் காட்டினால் சோடியமும் அசிட்டேட்டும் பரப்பில் தங்கி, பின்னால் வரும் எல்லா அளவீடுகளையும் குழப்பும்.

80 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி, அகேட் கல்வத்தில் மென்மையாக அரைத்து, மூசையில் இட்டு, நிமிடத்துக்கு 5 டிகிரி என்ற வேகத்தில் 400 டிகிரிக்கு ஏற்றி 2 மணி நேரம் சுடுங்கள். கணக்குப்படி 1.63 கிராம் கிடைக்க வேண்டும். கழுவலில் போனது போக ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் கை சுத்தம் என்று பொருள். வெப்பநிலையை 600, 700 என்று உயர்த்தினால் படிகம் செம்மையாகும், ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பரப்பளவு சுருங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்கத்தான் 400.

உலையைத் திறந்ததும் தூள் மஞ்சளாகத் தெரிந்தால் பதறாதீர்கள். சூடான துத்தநாக ஆக்சைடு கொஞ்சம் ஆக்சிஜனை இழந்து மஞ்சளாகும், ஆறினால் வெளுக்கும். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். ஆறிய பிறகும் மஞ்சளோ சாம்பலோ மாறாமல் இருந்தால் கழுவல் போதவில்லை, அல்லது அசிட்டேட் முழுதாக எரியவில்லை.

பொருள் துத்தநாக ஆக்சைடுதானா என்பதை எக்ஸ்ரே விளிம்புவிளைவுப் படம் சொல்லும். தாமிரக் கதிரில் 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் மூன்று உச்சங்கள் அடுத்தடுத்து நிற்க வேண்டும், மூன்றாவது மிக உயரமாக. அந்தக் கருவி எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். மின்னணு நுண்ணோக்கிப் படத்துக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழியுங்கள்.

இரண்டாவது பொருள்: கார்பன் நைட்ரைடு

லீபிக் 1834லேயே மெலான் என்று பெயரிட்டு வைத்த மஞ்சள் பொருளின் உறவினர் இது. ஒளிவினையூக்கியாக இது பெயர் வாங்கியது 2009க்குப் பிறகுதான். செய்முறை சமையலைவிட எளிது. மெலமைன் 5 கிராமை மூடியுள்ள அலுமினா மூசையில் இட்டு, நிமிடத்துக்கு 5 டிகிரி வேகத்தில் 550க்கு ஏற்றி, 4 மணி நேரம் வைத்து, உலையோடு ஆறவிடுங்கள். ஏறக்குறைய பாதி எடைக்கு மஞ்சள் கட்டி கிடைக்கும். அரைத்துக்கொள்ளலாம்.

மெலமைனுக்குப் பதில் யூரியாவைப் பயன்படுத்தலாம். விலை மலிவு, கிடைக்கும் தூளும் இலேசானது, பரப்பளவு பல மடங்கு அதிகம். ஆனால் 20 கிராம் யூரியாவுக்கு ஒரு கிராம் கிடைத்தாலே பெரிது. மீதியெல்லாம் அம்மோனியாவாகவும் வேறு எரிச்சலூட்டும் வாயுக்களாகவும் வெளியேறும். ஆகவே உலை புகைபோக்கியோடு இணைந்திருக்க வேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மூடி சரியாகப் பொருந்தாத மூசையில் வைத்தால் காலையில் காலி மூசைதான் வரவேற்கும். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மூசையை அலுமினியத் தாளால் சுற்றி மூடியை இறுக்குவது பழைய உபாயம். 600 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள்; பொருளே சிதைந்து காற்றோடு போய்விடும்.

இரண்டையும் சேர்த்துக் கலப்புப் பொருளாக்க நினைப்பவர்கள், கார்பன் நைட்ரைடு அரை கிராமை எத்தனாலில் ஒரு மணி நேரம் மீயொலித் தொட்டியில் பிரித்து, துத்தநாக ஆக்சைடு அரை கிராம் சேர்த்து, கலக்கியபடியே எத்தனாலை ஆவியாக்கி, 350 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கலாம். ஒன்றில் பிறந்த எலக்ட்ரான் மற்றதற்குத் தாவும்போது துளையோடு சேரும் வாய்ப்புக் குறைகிறது என்பது இதன் தத்துவம். ஒப்பிடுவதற்கு வெறுமனே கல்வத்தில் கலந்த தூளையும் ஒரு பக்கம் சோதியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்தால், நீங்கள் செய்தது கலப்புப் பொருள் அல்ல, கலவை.

சோதனை: நீலம் எங்கே போனது

மெத்திலீன் புளூ எல்லோரும் எடுக்கும் சாயம். 664 நானோமீட்டரில் கூர்மையான உச்சம் இருப்பதால் அளப்பது எளிது. முதலில் லிட்டருக்கு 1 முதல் 6 மில்லிகிராம் வரை ஆறு கரைசல்கள் செய்து அளவுக்கோடு வரைந்துகொள்ளுங்கள். சோதனையை 5 மில்லிகிராமில் நடத்தலாம். பலர் 10 மில்லிகிராமில் நடத்துகிறார்கள். அங்கே ஒளி உறிஞ்சல் 2ஐத் தொட்டுவிடும், சாதாரண நிறமாலைமானிகள் அந்த உயரத்தில் தடுமாறும்.

100 மில்லி சாயக் கரைசலில் 50 மில்லிகிராம் தூளைப் போடுங்கள். தூள் கூடினால் வேகம் கூடும் என்று நினைத்துக் கொட்டாதீர்கள். ஓர் அளவுக்கு மேல் தூளே ஒளியை மறைக்கும். ஒளி காட்டுவதற்கு முன் இருட்டில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். சாயம் தூளின் பரப்பில் ஒட்டிக்கொள்வது இந்த நேரத்தில் நடந்து முடியும். 30, 45, 60 நிமிடங்களில் மாதிரி எடுத்துப் பாருங்கள். கடைசி இரண்டும் ஒத்துப்போனால்தான் சமநிலை. உங்கள் தொடக்கச் செறிவு இந்த இருட்டுக்குப் பிறகு உள்ள செறிவே. பாட்டிலில் எழுதிய 5 அல்ல. இந்த ஒரு படியைத் தாண்டிப் போனதால் வெறும் பரப்புக் கவர்தலை ஒளிச்சிதைவு என்று எழுதிய ஆய்வேடுகள் ஏராளம்.

எவ்வளவு ஒட்டும் என்பது மின்சுமையைப் பொறுத்தது. துத்தநாக ஆக்சைடின் பரப்பு பி.எச். 9 வாக்கில் சுமையற்றது. அதற்குக் கீழே நேர்மின், மேலே எதிர்மின். மெத்திலீன் புளூ நேர்மின் சாயம் என்பதால் நடுநிலை நீரில் அதிகம் ஒட்டாது. எதிர்மின் சுமையுள்ள ரியாக்டிவ் சாயங்கள் நன்றாக ஒட்டும்.

இனி வெயில். காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் நடத்துங்கள். போரோசிலிகேட் பீக்கர் போதும். ஜன்னலுக்கு உள்ளே வைத்துச் செய்யாதீர்கள், சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். பீக்கர்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்திச் சூட்டைக் கட்டுப்படுத்துங்கள். மேகம் வந்தால் நேற்றைய அளவும் இன்றைய அளவும் ஒப்பிட முடியாது. எனவே எல்லா பீக்கர்களும் ஒரே நேரத்தில் ஒரே வெயிலில் நிற்க வேண்டும். தூளும் ஒளியும் உள்ளது ஒன்று. தூள் இல்லாமல் ஒளி மட்டும் உள்ளது ஒன்று, ஏனென்றால் மெத்திலீன் புளூ வெயிலில் தானாகவே கொஞ்சம் வெளுக்கும். தூள் இருந்தும் கறுப்புத் தாள் சுற்றியது ஒன்று. வாய்ப்பு இருந்தால், பி25 எனப்படும் சந்தை டைட்டானியம் டைஆக்சைடு போட்டது ஒன்று. உலகம் முழுக்க ஒப்பீட்டுக்கு அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் தூள் அதைவிட மெதுவாக வேலை செய்தால் வெட்கப்பட ஏதுமில்லை, எழுதுங்கள்.

15 நிமிடத்துக்கு ஒரு முறை 4 மில்லி எடுத்து, மையவிலக்கியில் தூளைப் பிரித்து அளவிடுங்கள். வடிதாள் வேண்டவே வேண்டாம். கதை மேலே சொன்னேன். சவ்வு வடிப்பான் கட்டாயம் என்றால், தூள் சேர்க்காத சாயக் கரைசலை அதில் ஒரு முறை வடித்து, எவ்வளவு குறைகிறது என்று முதலில் பாருங்கள்.

தொடக்கச் செறிவை அந்தந்த நேரத்துச் செறிவால் வகுத்து, அதன் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வே வேக மாறிலி. எடுத்துக்காட்டாக, 60 நிமிடத்தில் செறிவு நாலில் ஒன்றானால், 4இன் மடக்கை 1.386, 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.023. 30 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிறது என்று பொருள். "98 விழுக்காடு நீக்கம்" என்று மட்டும் எழுதுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

664இல் மட்டும் அளக்காமல் 200 முதல் 800 வரை முழு நிறமாலையும் எடுங்கள். உச்சம் தாழும்போதே இடப்பக்கம் நகர்ந்தால் மெத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, அசூர் என்னும் வேறு சாயங்கள் உருவாகின்றன. மூலக்கூறு உடையவில்லை, உடை மாற்றிக்கொண்டிருக்கிறது. அதே போல, எலக்ட்ரானைப் பெற்றுக்கொண்ட மெத்திலீன் புளூ லியூகோ என்னும் நிறமற்ற வடிவமாகும். சோதனை முடிந்த தெளிந்த கரைசலைத் தூள் இல்லாமல் குலுக்கித் திறந்து வையுங்கள். ஆக்சிஜன் பட்டு நீலம் திரும்பி வந்தால், சாயம் எங்கும் போகவில்லை.

கட்புலனாகும் ஒளியில் வேலை செய்கிறது என்று சொல்லப்போகும் கார்பன் நைட்ரைடுக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மெத்திலீன் புளூ தானே அந்த ஒளியை உறிஞ்சும். ஒளியுண்ட சாயம் தன் எலக்ட்ரானைத் தூளுக்குத் தள்ளிவிட்டுத் தானே அழியும். அங்கே தூளின் சொந்தத் திறமை எதுவும் வெளிப்படவில்லை. ஆகவே நிறமற்ற ஒரு பொருளை, பீனாலை அல்லது சாலிசிலிக் அமிலத்தை, கூடவே சோதியுங்கள். அதையும் உடைத்தால் உங்கள் வாதம் நிற்கும்.

நிறம் போனபின் மிஞ்சுவது

ரியாக்டிவ் பிளாக் 5 போன்ற அசோ சாயத்தில், நிறம் தருவது இரண்டு நைட்ரஜன் சேர்ந்த பிணைப்பு. அது அறுந்தாலே கறுப்பு மறையும். ஆனால் அரோமேட்டிக் வளையங்கள் நீரிலேயே கிடக்கும். சில வேளைகளில் அமீன்களாக, மூலச் சாயத்தைவிட மோசமாக. ஆகவே வேதி ஆக்சிஜன் தேவையையும், அதாவது நீரில் மிஞ்சிய கரிமப் பொருளை முழுக்க ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனையும், அளக்க வேண்டும், முடிந்தால் மொத்தக் கரிமக் கார்பனையும். நிறம் 90 விழுக்காடு போன இடத்தில் கார்பன் அதில் பாதிகூடக் குறையாமல் இருப்பது இயல்பு. இதை மறைக்காதீர்கள். டைகுரோமேட் முறையில் அளக்கும்போது உப்பு நிறைந்த மாதிரியானால் குளோரைடும் ஆக்சிஜனேற்றமடைந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் மெர்க்குரிக் சல்பேட் சேர்க்கிறோம். அந்தப் பாதரசக் கழிவைத் தனிப் பாட்டிலில் சேமியுங்கள்.

சுத்தமான நீரில் ஓடிய குதிரை உண்மையான சாயக்கழிவில் நொண்டும். குளோரைடும் கார்பனேட்டும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளைத் தின்றுவிடும். அடர் நிறம் ஒளியை மேலேயே நிறுத்திவிடும். சாயப்பட்டறைக் கழிவு கிடைத்தால் முதலில் 10 மடங்கு நீர்த்துச் சோதியுங்கள், பிறகு படிப்படியாக அடர்த்தியைக் கூட்டுங்கள். கழிவு கிடைக்காவிட்டால் உங்கள் சாயக் கரைசலிலேயே சோடியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் சேர்த்துப் பார்க்கலாம். வேகம் எவ்வளவு விழுகிறது என்பதே நல்ல ஒரு அத்தியாயம்.

மறுபயன்பாடும் கட்டாயம். ஒரே தூளைக் கழுவி உலர்த்தி 5 சுற்று ஓட்டி, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எடை போட்டுப் பாருங்கள். துத்தநாக ஆக்சைடுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. சாயத்தை உண்ண வேண்டிய துளை சில சமயம் தூளையே உண்ணும். துத்தநாக அயனி நீரில் கரையும். அமில நீரில் ஒளி இல்லாமலேயே கரைந்துவிடும். எனவே சோதனை முடிந்த நீரில் துத்தநாகம் எவ்வளவு என்று அணு உறிஞ்சல் முறையில் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஏற்றுக்கொள்ளும் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். சாயத்தை எடுத்துவிட்டு அதற்கு மேல் துத்தநாகத்தைக் கொடுத்தால் யாருக்கு லாபம்?

வேலை முடிந்ததும் மீந்த சாயத்தையும் மாதிரிகளையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு பெரிய பேசினில் கொட்டி, பழைய தூளைத் தூவி, மாடியில் இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். நிறம் வெளுத்தபின் பி.எச். 9, 10க்கு உயர்த்தினால் கரைந்த துத்தநாகம் பெரும்பாலும் வீழ்படிவாகும். அடியில் படிந்ததை மட்டும் உலர்த்திப் பெயர் ஒட்டி, உலோகக் கழிவுப் பெட்டியில் சேருங்கள். மேல்நீரின் முழு நிறமாலையையும் ஒரு முறை எடுத்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும்.